மாடிக்கு ஒரு லைன்

– ஐயா, நான் ஒண்ணு சொல்லவா? இந்தத் தண்ணித் தொட்டி இங்கயே இருந்தா நிழல் நேரா பேனல்மேல விழும். கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வெக்கணும்.

– தள்ளிக்கம்மா.

– தள்ளிக்கவா?

– காது நல்லாத்தானே கேக்குது உனக்கு? தள்ளிக்க. ரைட்.

– இல்ல ஐயா, கீழ உங்க தம்பி வேற மாதிரி சொல்லி அனுப்பினாரு. மேல எங்க அண்ணன் இருப்பாரு, தொட்டியத் தொட்டா தகராறு பண்ணுவாரு, பேனல வெச்சா போலீஸக் கூப்பிடுவாரு, எதுக்கும் ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஏறுன்னாரு.

– அதுக்குத்தான் தலையில இந்தச் சட்டியா?

– இது நான் எப்பவும் போடுறதுதான். கூரைமேல ஏறி சோலார் மாட்டுற பொழப்பு.

– நான் பஸ்ஸுல கண்டக்டரா நின்னே தலை நரைச்சவன்மா. கூட்டத்துல எத்தனையோ பேரு என் சட்டையப் பிடிச்சிருக்கான். நான் ஒருத்தன் சட்டையையும் பிடிச்சதில்ல. போய் அவன்கிட்ட சொல்லு.

– நான் எதுக்குப் போகணும்? இதோ அவரே படியேறி வர்றாரே.

– என்ன தங்கச்சி, வேலைய ஆரம்பிச்சாச்சா? தொட்டியப் பத்திக் கேட்டியா?

– கேட்டேன் அண்ணா. தள்ளிக்கச் சொல்லிட்டாரு.

– யாரு?

– இதோ நிக்கிறாரே, உங்க அண்ணன்.

– தங்கச்சி, நீ வேற யார்கிட்டயோ கேட்டிருக்க.

– மாடியில வேற யாரு இருக்கா? நீங்க ரெண்டு பேரு, நானு, அந்தக் காக்கா.

– அவர்கிட்ட இன்னொரு தடவ கேளு. தொட்டிய நகத்தினா பைப்ப அறுத்து வேற போடணும், வேலை முடியிற வரைக்கும் மேல் வீட்டுக்குத் தண்ணி வராது. அதையும் சேத்துச் சொல்லு.

– அண்ணா, அவரு உங்களுக்கு நேரா நிக்கிறாரு. கையை நீட்டினா மூக்குல படும்.

– நாங்க பேசிக்கிறதில்ல தங்கச்சி.

– நாங்க பேசிக்கிறதில்லம்மா.

– அத மட்டும் ரெண்டு பேரும் ஒண்ணா சொல்றீங்க. சரி, நானே கேக்குறேன். ஐயா, தண்ணி வராதாம்.

– வராட்டிப் போகுது. குடத்துல பிடிச்சு வெச்சுக்கிறேன்.

– துணி காயப்போடுற கம்பியையும் அவுக்கணும்.

– அவுத்துக்க.

– இந்தப் பூந்தொட்டியெல்லாம்?

– ஓரமா வை. வேணும்னா அவன் கடைக்கே எடுத்துக்கட்டும்.

– தங்கச்சி, இங்க வா. கொஞ்சம் இந்தப் பக்கம் வா. என்ன ஆச்சு இவருக்கு?

– என்னைக் கேட்டா? நான் இன்னிக்கித்தானே இவரப் பாக்குறேன்.

– நான் ஒரு வாரமா சண்டைக்கு ரெடி பண்ணிட்டு வந்திருக்கேன். அவரு இப்படிச் சொன்னா நான் இப்படிச் சொல்லணும், அதுக்கு அவரு எகிறினா இப்படி மடக்கணும்னு எல்லாத்தையும் கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்தேன். சலூன்ல கண்ணாடிக்கா பஞ்சம்? இப்போ எல்லாத்துக்கும் சரி சரின்னா நான் அதையெல்லாம் எங்க கொண்டு போய்க் கொட்டுறது?

– ஒத்துக்கிட்டாரேன்னு சந்தோஷப்படுங்க அண்ணா.

– எங்க அண்ணன் சும்மா ஒத்துக்கிட்டதே கெடையாது. ரெண்டு தட்டுத் தட்டிட்டுத்தான் தலையத் தடவுவாரு. தட்டாமத் தடவினா பயமா இருக்கு.

– ரகசியம் பேசுறவங்க கொஞ்சம் சத்தத்தக் கொறைச்சுப் பேசினா நல்லா இருக்கும்மா. கடைசி சீட்டு வரைக்கும் கேக்குது.

– பாத்தியா? இது எங்க அண்ணன்.

– நான் ஒண்ணு சொல்லவா? கூடப் பொறந்தவங்க. ஒரே வீட்டுல மேல ஒருத்தர், கீழ ஒருத்தர். எதுக்கு இப்படி?

– அவர்கிட்ட கேளு தங்கச்சி. என் ஜெனரேட்டருக்குள்ள ஒரு பக்கெட் தண்ணிய ஊத்தினது யாருன்னு கேளு.

– ஜெனரேட்டருக்குள்ளயா?

– மூடியத் தொறந்து, பொறுமையா, செடிக்கு ஊத்துற மாதிரி ஊத்தினாரு. கடை நெறைய ஆளு. ஒருத்தருக்கு ஒரு பக்கம் மீசை இருக்கு, இன்னொரு பக்கம் இல்ல. கரண்டும் இல்ல, ஜெனரேட்டரும் போச்சு. அந்த மனுஷன் அப்படியே எழுந்து இன்டர்வியூக்குப் போனாரு.

– ஐயய்யோ. வேலை கெடைச்சுதா?

– கெடைச்சுது. அது வேற கதை.

– ஏன், கத்தரிக்கோலால முடிச்சு விட்டிருக்கலாமே? அதுக்குக் கரண்டு வேணாமே?

– என் கடைக்கு ஜன்னல் கெடையாது தங்கச்சி. லைட்டு போனா காது எது, முடி எதுன்னு தெரியாது. தடவிப் பாத்துத்தான் வெட்டணும். இப்பக்கூட ஒருத்தர் கீழ அரைத் தலையோட உக்காந்திருக்காரு. கரண்டு வர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்னு பிடிவாதம்.

– நீ என் பக்கத்தையும் கேளும்மா. அந்த ஜெனரேட்டர் புகை எங்க போச்சுன்னு அவன்கிட்ட கேளு.

– எங்க ஐயா?

– நேரா என் படுக்கை ரூம் ஜன்னலுக்குள்ள. உள்ள படுத்திருக்கிறது யாரு? அவன் அண்ணி. நுரையீரல் கெட்டுப்போயி, தலைமாட்டுல ஆக்சிஜன் மிஷின வெச்சுக்கிட்டு மூச்சு விடுறவ. எறங்கிப் போய்ச் சொன்னேன். டேய், புகை வருதுடான்னு. அதுக்கு என்ன சொன்னான் தெரியுமா? ஜன்னலச் சாத்திக்கச் சொல்லுங்கன்னான்.

– அண்ணா, நெசமாவா?

– கடையில கூட்டம் தங்கச்சி. ஆளாளுக்குக் கத்துறான். வாய்ல வந்துடுச்சு.

– மூச்சுக்கு அல்லாடுறவள ஜன்னலச் சாத்திக்கச் சொன்னான்மா. அதான் பக்கெட்ட எடுத்தேன். அவன் தலையில ஊத்தலையேன்னு சந்தோஷப்படச் சொல்லு.

– அதுக்கு அப்பறம் ஒரு நாளாவது நான் ஜெனரேட்டர் போட்டேனான்னு கேளு தங்கச்சி.

– தண்ணி ஊத்தின ஜெனரேட்டரு எப்படிம்மா ஓடும்?

– ரிப்பேர் பண்ணி ஓட்டியிருக்கலாம்னு சொல்லு. பண்ணல. பழைய இரும்புக்குத் தூக்கிப் போட்டுட்டேன்னு சொல்லு.

– ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. நான் பேனல் மாட்ட வந்தேனா, பந்து பொறுக்கிப் போட வந்தேனா? கழுத்து வலிக்குது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பித் திரும்பி.

– சரிம்மா, சரி. நீ உன் வேலையப் பாரு. எப்படி மாட்டப் போற, அதச் சொல்லு. சும்மா தெரிஞ்சுக்கிறேன்.

– பேனலெல்லாம் இந்தச் செவுரு ஓரமா வரிசையா வரும் ஐயா. இங்கேருந்து ஒயரு எறங்கி கீழ படிக்கட்டு அடியில பேட்டரிக்குப் போகும். பகல்ல வெயில்ல பேட்டரி நெறைஞ்சுக்கும். கரண்டு போச்சுன்னா பேட்டரி டக்குனு பிடிச்சுக்கும். லைட்டு ஒரு தடவ கண்ணடிக்கும், அவ்வளவுதான். போனதே தெரியாது.

– சத்தம்?

– சத்தமும் இல்ல, புகையும் இல்ல.

– ம்... நல்லாத்தான் இருக்கு. மழை நாள்ல?

– கொறையும். ஆனா வராமப் போகாது. அதுக்குத்தான் அண்ணன் பெரிய பேட்டரியா கேட்டிருக்காரு. சலூனுக்கு மட்டும்னா இதுல பாதி இருந்தாலே தாராளம். ஒரு லைனு கடைக்கு, இன்னொரு லைனு மாடிக்கு...

– தங்கச்சி!

– என்ன அண்ணா?

– அத அப்பறமா சொல்லலாம்னு சொன்னேன்ல?

– ஐயோ, ஆமா. சொன்னீங்க. சொல்லிட்டேனே.

– எந்த மாடிக்கு? இந்த வீட்டுல ஒரு மாடிதானேம்மா இருக்கு?

– அது வந்து ஐயா... உங்க படுக்கை ரூமுக்குத்தான். கட்டில் பக்கத்துல ஒரு பிளக்கு பாயின்ட்டு. மிஷினுக்கு. அண்ணன்தான் சொன்னாரு. பேட்டரி வாங்க வந்தப்பவே, அந்த மிஷினு எவ்வளவு கரண்டு இழுக்கும்னு ஆஸ்பத்திரியில கேட்டு எழுதி வாங்கிட்டு வந்து காட்டினாரு. இது ஓடணும், இதுக்கு அப்பறந்தான் என் கடைன்னாரு.

– தங்கச்சி, போதும்.

– அந்த லைன் வேணாம்மா.

– ஐயா?

– வேணாம்னு சொல்லு. வீணாப் போயிடும். அந்த ஒயர அவன் கடையிலேயே ரெண்டு லைட்டுக்குப் போட்டுக்கச் சொல்லு. காது எது, முடி எதுன்னு தெரியட்டும்.

– வீணாப் போறதுக்கு என்ன இருக்கு? மிஷின் இருக்கு, அண்ணி இருக்காங்க, கரண்டு தெனமும் போகுது. என்ன வீணாப் போகும்? கேளு தங்கச்சி.

– வேணாம்னா வேணாம். ஹோல்டான்.

– என் ஜெனரேட்டர் புகைதான் ஆகாது, ஒத்துக்கிறேன். வெயிலுமா ஆகாது? சூரியன் என்ன என் சொந்தக்காரனா, அவன்மேல கோவப்பட? கேளு தங்கச்சி, கேளு!

– யாரும் என்னை எதுவும் கேக்க வேணாம். போன் அடிக்குது. ஹலோ... சொல்லுங்க... என்ன? எந்தக் கயிறு? பச்சைக் கயித்துலயா கட்டினீங்க? அது துணி காயப்போடுற கயிறுங்க! அதுல பேனலக் கட்டித் தூக்கினா நடுவழியில அறுந்து உங்க தலையிலதான் விழும்... இருங்க, தொடாதீங்க, நான் வர்றேன். ஐயா, அண்ணா, கீழ வண்டியில என் வீட்டுக்காரரு. அவர ஒரு வேலைக்கு விட்டா ஒம்பது வேலை வெச்சிடுவாரு. நான் போயிட்டு வர்றேன். ஏற்கெனவே ஏத்தின அந்த ஒரு பேனலு செவுத்துல சாஞ்சு நிக்குது. தொடாதீங்க. ரெண்டு பேரும் நல்லபடியா இருங்க.

– காக்கா. ஏ காக்கா. அங்க நிக்கிறவர்கிட்ட சொல்லு. உச்சி வெயில்ல நிக்கிறாரு, நெத்தியில வேர்வை கொட்டுது. தொட்டி நிழலுக்கு வரச் சொல்லு.

– காக்கா, அவன்கிட்ட சொல்லு. வெயிலு வேணும்னுதானே இத்தனையும் வாங்கிப் போட்டிருக்கான். நான் நின்னா சூரியன் கொறைஞ்சா போகும்?

– காக்கா, அவருக்கு பிரஷர் இருக்குன்னு... பறந்து போயிடுச்சு.

– அதுக்கும் பொறுமை போயிடுச்சு.

– இது யார்கிட்ட சொன்னது?

– தொட்டிகிட்ட.

– தொட்டி என்ன சொல்லுச்சு?

– தொட்டி பேசாம இருக்கு. அதுக்கு இருக்கிற புத்தி எல்லாருக்கும் இருந்தா... டேய் பொடியா! பின்னால பாருடா! பேனலு சாயுது! பிடி, பிடி, ஓரத்தப் பிடி!

– பிடிச்சுட்டேன்! காத்து தள்ளுதுண்ணே! அந்தக் கயித்த எடுங்க, காலடியில கெடக்கு பாருங்க!

– இந்தா. கம்பியோட சேத்துச் சுத்து. ஹோல்டான்... ஹோல்டான்... செவுரு பக்கம் போகாத, எட்டிப் பாக்காத. கால அகட்டி வை. இன்னொரு சுத்து. ரைட். இறுக்கு.

– இறுக்கிட்டேன்.

– கை கீறிடுச்சா? காட்டு.

– ஒண்ணுமில்ல. சவரக் கத்தியில கீறாததா.

– காட்டுன்னேன்ல. ரத்தம் வருது. இந்தக் கைக்குட்டைய சுத்து.

– அண்ணே.

– என்ன?

– பொடியான்னு கூப்பிட்டீங்க.

– பேனலச் சொன்னேன்.

– பேனலையா?

– அது சின்னதாத்தானே இருக்கு.

– என்னைவிட ஒசரம்ணே அது.

– சரி, இப்ப என்ன? வாய் தவறி வந்துடுச்சு. கடையில கூட்டம்னு வெச்சுக்க.

– குத்துறீங்க.

– குத்தலடா. உக்காரு. அந்தத் தொட்டி நிழல்ல உக்காரு. நானும் உக்காருறேன், முட்டி வலிக்குது.

– அண்ணி எப்படி இருக்காங்க?

– கரண்டு இல்லேன்னு ஆக்சிஜன் சிலிண்டர மாட்டிட்டுத்தான் வந்தேன். கீழதானே இருக்க. உனக்குத் தெரியாதா?

– சத்தம் தெரியும். ஆளத் தெரியாது.

– என்ன சத்தம்?

– என் படுக்கைக்கு நேர் மேலதானே உங்க ரூமு. அந்த மிஷின் ஓடுற சத்தம் தளத்துல எறங்கும். ஒரு மூச்சு இழுத்து, ஒரு மூச்சு விட்டு, இழுத்து, விட்டு. அதக் கேட்டுக்கிட்டே தூங்கிடுவேன். கரண்டு போச்சுன்னா அது நின்னுடும். அது நின்னா நான் முழிச்சுக்குவேன். லைட்டு போனது எனக்குத் தெரியாதுண்ணே, கண்ண மூடித்தானே படுத்திருக்கேன். சத்தம் நின்னாத்தான் தெரியும்.

– ம்.

– அப்பறம் நீங்க எழுந்திருப்பீங்க. கட்டில் கிறீச்சுங்கும். செருப்பத் தேடுவீங்க. மூலையிலேருந்து சிலிண்டர உருட்டிக்கிட்டு வருவீங்க. கடகடன்னு. அந்தக் கட்டில் கால் கிட்ட வந்து எப்பவும் ஒரு தடவ இடிப்பீங்க.

– அந்த எடத்துல தரை மேடுடா.

– தெரியும். சிலிண்டர மாட்டி முடிச்சு நீங்க திரும்பப் படுக்குற வரைக்கும் நான் மூச்சு விடாமக் கேட்டுக்கிட்டிருப்பேன். ஒரு நாள் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. சிலிண்டர் உருளவும் இல்ல. எழுந்து ஓடி வந்தேன். பாதிப் படி வரைக்கும் வந்துட்டேன்.

– அன்னிக்கி சிலிண்டர் மூடி தொறக்கல. துருப்பிடிச்சுப் போச்சு. ஏன்டா பாதியில நின்ன?

– என் வீட்டுப் படி ஏறாதன்னு சொல்லியிருந்தீங்க.

– சொன்னா? கண்டக்டர் படியில நிக்காதன்னா எவன் கேட்டான்? அத்தன பேரும் தொங்கிக்கிட்டுத்தானே வந்தானுங்க. நீ ஒருத்தன் மட்டும் கேப்பியா?

– உங்க பஸ்ஸுல வந்தவங்க உங்களுக்கு யாரோ. நான் அப்படியா?

– சரி, அப்பறம் என்ன பண்ண?

– மேல உருளுற சத்தம் கேட்டுச்சு, திரும்பிட்டேன். மறுநாளே போயி சோலாருக்குச் சொல்லிட்டேன். கடைக்குன்னு சொன்னா நீங்க சண்டை போட்டாவது விட்டுடுவீங்க. அண்ணிக்குன்னா வேணாம்னுடுவீங்க. அதான் மாட்டி முடிச்சிட்டுச் சொல்லலாம்னு பாத்தேன். அந்தப் பொண்ணு உளறிடுச்சு.

– நான் எதுக்கு வேணாம்னேன்னு உனக்குத் தெரியாதுடா.

– ஏன், கோவம்தான்.

– கோவமா... ஆமா, கோவம்னே வெச்சுக்க. அவ தெனமும் கேப்பா. கீழ கடை தொறந்தானா? ஏன் இன்னிக்கி ரேடியோ பாடல? இருமினானே, மருந்து சாப்பிட்டானா? இவ மூச்ச இவளாலேயே இழுக்க முடியல, உன் இருமலுக்கு மருந்து கேக்குறா.

– நான் முதமுதல்ல வெட்டின தலையே அண்ணி தலைதானே.

– ஞாபகம் இருக்கு. இடுப்பு வரைக்கும் முடி. நீ சின்னப் பய. வெட்டிப் பழகணும், யாருமே தலைய குடுக்க மாட்டேங்குறாங்கன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்த. இந்தா வெட்டுன்னு உக்காந்தா பாரு.

– ஒரு பக்கம் தோள் வரைக்கும், ஒரு பக்கம் காது வரைக்கும்.

– நான் டூட்டி முடிஞ்சு வர்றேன், வீட்டுல யாரோ வேற பொம்பளை நிக்குறான்னு கதவுக்கு வெளியவே நின்னுட்டேன். இது யாருடி வெட்டினதுன்னு கத்தினேன். புது ஸ்டைலுன்னா. தெருவெல்லாம் அதையே சொன்னா. ஒருத்தி நெசம்னு நம்பி அதே மாதிரி வெட்டிக்கிட்டு வந்தாளேடா!

– எனக்கு முதல் கஸ்டமரே அந்த அம்மாதான்ணே.

– பாவம் அந்தப் பொம்பளை.

– நீங்க சிரிச்சு எவ்வளவு நாளாச்சு?

– சிரிக்கல, வெயிலு கண்ணக் கூசுது. ஏன்டா, அந்த பேட்டரி இருக்கே, அந்த மிஷினு அதுல எம்புட்டு நேரம் ஓடும்?

– ராத்திரி பூரா ஓடும். என் கடைய மூடினப்பறம் மொத்தமும் மேலதான். கரண்டு விடிஞ்சுதான் வந்தாலும் சிலிண்டர உருட்ட வேணாம்.

– நடுவுல நிக்காது?

– நிக்காது. நின்னா எனக்குத் தெரியாதா? கீழதானே படுத்திருக்கேன்.

– அப்ப நான் தூங்கலாம்ங்குற.

– தூங்குங்கண்ணே. நல்லா கொறட்டை விட்டுத் தூங்குங்க. அந்தச் சத்தமும் எனக்குக் கேக்கும், பரவால்ல, பொறுத்துக்கிறேன்.

– வாய் மட்டும் கொறையல.

– ஐயா! அண்ணா! சரியான கயித்துல கட்டியாச்சு, இனி மேல இழுக்கலாம்... என்ன இது? ரெண்டு பேரும் ஒரே நிழல்ல உக்காந்திருக்கீங்க?

– தொட்டிய நகத்துறதுக்கு முன்னால கொஞ்சம் அனுபவிச்சுக்கலாம்னும்மா.

– ஐயா கைக்குட்டை அண்ணா கையில இருக்கு. அண்ணா கண்ணு செவந்திருக்கு. அடிதடி ஏதும் ஆச்சா?

– காத்துல பேனல் சாஞ்சுது தங்கச்சி. பிடிச்சோம்.

– பேனலு?

– நல்லா இருக்கு.

– அப்போ யாரு எப்படிப் போனா என்ன, வேலையப் பாப்போம். மாடி லைனு வேணாம்னு சொல்லிட்டீங்க. அந்த ஒயர வண்டியிலேயே வெச்சிடச் சொல்லிட்டேன்.

– எடுத்துட்டு வாம்மா.

– எத?

– ஒயரத்தான். கட்டில் தலைமாட்டுல, வலது கைப் பக்கமா, அவ படுத்தபடியே எட்டிப் போடுற மாதிரி அந்த பாயின்ட்ட வெச்சுக் குடு. ரொம்ப ஒசரத்துல வெச்சிடாத.

– வேணாம்னீங்களே ஐயா?

– அது போன ஸ்டாப்பிங்கும்மா. இப்ப வண்டி தாண்டி வந்தாச்சு.

– நான் ஒண்ணு சொல்லவா? என் வீட்டுக்காரரும் இப்படித்தான். வேணாம்னா வேணும்னு அர்த்தம். சரி, உள்ள போய் ரூமப் பாத்துட்டு எங்க துளை போடணும்னு கோடு போட்டுக்கிறேன்.

– இப்ப உள்ள போகாதம்மா. கொஞ்சம் பொறு. எல்லாம் போட்டது போட்டபடி கெடக்கு, கால் வெக்க எடமில்ல.

– அண்ணி இருக்குற வீடா? ஒரு தூசி இருந்தா அவங்களுக்குத் தூக்கம் வராதே. என்னண்ணே கெடக்கு?

– ஏதோ கெடக்குடா. உன்ன யாரு ஆராய்ச்சி பண்ணச் சொன்னா? என் போனு எங்க? சட்டைப் பையில இருந்துச்சே... இந்தா இருக்கு. ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க, ஒரு போன் பண்ணிட்டு வந்துடுறேன்.

– இப்ப யாருக்கு போனு? பேனல் தொங்கிக்கிட்டிருக்கு, இழுக்கணும்ணே.

– இழுங்க, இழுங்க, நானும் வர்றேன். ஹலோ... யாரு, வேன்காரருங்களா? நான்தான், அந்தச் சலூன் மாடி வீடு... ஆமா, ரிட்டயர்டு கண்டக்டரு...

– எந்த வேனு? அண்ணே, எதுக்கு வேனு?

– இருடா பொடியா, பேசிக்கிட்டிருக்கேன்ல. ஆமாங்க, கேக்குது. நாளைக்குக் காலையில வண்டி அனுப்பாதீங்க. இல்லல்ல, தேதி மாத்தல, போறதே இல்ல. எங்க பொண்ணு இருக்கிற ஊர்ல கரண்டு போகாதுன்னுதான் வீட்டக் காலி பண்ணக் கெளம்பினோம், இனி இங்கயும் போகாதுங்க... சாமானா? எல்லாத்தையும் மூட்டை கட்டி வெச்சாச்சு, அதுக்கென்ன இப்ப? அவுக்க என் தம்பி இருக்கான்.